ஒரு நாள் ஆலை

"கரும்பலகை இன்னும் ஏன் இங்கேயே நிக்கறது? தூக்கிண்டு போய் மாட்டுக் கொட்டில்ல போடுங்கோ!" என்று பட்டாபி கத்தினார்.

கரமனை ஆற்றங்கரையில் இருந்த சின்னத் தொழிற்பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியர். யுத்தத்தால் ஆலைகளெல்லாம் ஆள் தேடுகிற காலம். ஆனால் இவருடைய பையன்களை மட்டும் யாரும் சீண்டவில்லை. "பாடம் தெரிகிறது, ஆலை தெரியவில்லை" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையும் யாரும் எடுக்காவிட்டால் பள்ளியை மூடிவிடுவதென்று கல்வி இலாகா சொல்லிவிட்டது. இன்று கயிற்றாலை மானேஜர் வருகிறார். யாரும் அவரை முன்பின் பார்த்ததில்லை.

பையன்களுக்கு ஆலை தெரியாவிட்டால் என்ன, பள்ளியையே ஆலையாக்கிவிட்டால் போயிற்று! பெயர்ப்பலகை இறங்கியது. பையன்கள் முகத்தில் கரி ஏறியது.

"இன்னிக்கின்னு பார்த்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்துட்டா?" என்றார் உதவி ஆசிரியர் சேஷன். "இந்தக் கோலத்தைப் பார்த்தா இப்பவே பூட்டிடுவாரே."

பட்டாபி வாசலுக்கு விரைந்தார். காவலாளி தங்கப்பனைக் கூப்பிட்டார். "எவனாவது வந்து ஸ்கூல் எங்கேன்னு கேட்டா, இங்கே ஸ்கூலே கிடையாது, இது கம்பெனின்னு சொல்லி அனுப்பிடு."

"செரி சாரே."

புகை இல்லாமல் ஆலையா? கொல்லையில் ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்தினார்கள். புகை ஆகாயத்துக்குப் போகாமல் பட்டறைக்குள் வந்தது. பையன்கள் இருமித் தீர்த்தார்கள்.

"ஆலைன்னா சங்கு ஊதணுமே" என்றார் சேஷன்.

அந்தச் சங்குக்கு எங்கே போவது? கோவிலிலிருந்து நிஜச் சங்கையே வாங்கிவந்து ஊதினார்கள். புகையும் சங்கும் சேர்ந்தால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த தெரு முத்தாரம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, எந்தப் புள்ளை போச்சு?"

அவள் பின்னால் தெருவே வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கப்பனும் வந்தான்.

"சாரே, கம்பெனி விஷயமாட்டு ஒரு ஆளு வந்திருக்காரு."

கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். மானேஜர் வந்துவிட்டார் என்று பட்டாபி எதிரே ஓடினார். கூட்டத்தைக் காட்டி, "ஷிஃப்ட் மாறறது, சார்" என்றார்.

"இத்தனை ஆளா!" வந்தவர் வாயைப் பிளந்தார். "இன்னும் ஆளு வேண்டியிருக்குமோ?"

ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தார் பட்டாபி. "எத்தனை பேர் வந்தாலும் போறாது, சார்!"

வந்தவர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஓர் இரும்புப் பூட்டை எடுத்து நீட்டினார். "இந்த வேலை எப்படி இருக்கு?"

"இதென்ன பிரமாதம்? நம்ம பசங்க கண்ணை மூடிண்டு இதைவிட நன்னா பண்ணுவா."

மலர்ந்த முகம் சுண்டிப்போயிற்று. பட்டாபி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கோ பிசகிவிட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

தங்கப்பன் மறுபடியும் வந்து காதைக் கடித்தான். "கார்ல ஒரு ஆளு வந்து ஸ்கூலைக் கேட்டாரு சாரே. இங்க ஸ்கூலே இல்லைன்னேன். நம்பாம மறுபடியும் கேட்டாரு. விரட்டி விட்டாச்சு."

"நீ நன்னாயிருக்கணும்டா!" இன்ஸ்பெக்டர் தொலைந்தார் என்றதும் பட்டாபிக்கு மூச்சே திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில் விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளோட பிழைப்பு உங்க கையிலதான் இருக்கு. எத்தனை பேரை எடுத்துப்பேள், சொல்லுங்கோ."

வந்தவர் திருதிருவென்று விழித்தார்.

"நான் எடுக்கவா? நாகர்கோவில் பக்கம் தொழிற்பள்ளி வாத்தியாராக்கும் நான். என் பயலுகள்ல எத்தனை பேரை நீங்க எடுப்பீங்கன்னு கேக்கல்லா வந்திருக்கேன்!"