சத்தத்துக்கு முன்பே கேட்ட மூளை

மூளையைப் பற்றிப் படிக்கிறவனுக்குப் பேச்சுத் துணை கிடைப்பது கஷ்டம். "தலைக்குள்ள ஓடுற கரண்ட அளக்கிறேன்" என்றால், எங்கள் ஊரில் "ஒயரிங் வேலையா தம்பி?" என்பார்கள். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மேற்கொண்டு விளக்கவும் தெரியாது.

அந்தப் பொங்கலுக்குத் தஞ்சாவூர் ஹாஸ்டலே காலி. நான் மட்டும் ஊருக்குப் போகவில்லை. அடுத்த வாரம் ஆராய்ச்சி மதிப்பீடு. காட்ட ஒரு முடிவு இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலை கொடுக்க ஆள் கிடைக்காததால் என் தலையிலேயே பசையைத் தடவி, ஒயர்க் குல்லாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காதில், எப்போது வரும் என்று தெரியாமல், "டொக்" என்றொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. (அந்தப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டது அது மட்டும்தான்.)

பதிவில் ஒரே இரைச்சல். ஃபில்டர் போட்டதும் கோடு வழுவழுவென்று வந்தது. பார்த்தால், சத்தம் வருவதற்குச் சற்று முன்பே மூளை அலை எழும்பியிருந்தது! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சொல்லத்தான் வராந்தாவில் யாருமில்லை. திருவாரூரில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், வரப்போறது மூளைக்கு முன்னாடியே தெரியுது!"

"லாட்டரி நம்பர்லாம் தெரியுமா மாப்ள?"

"இல்ல மச்சான். டொக்குன்னு ஒரு சத்தம்."

"அது போதும். நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பு."

அனுப்பினேன். (எதற்கு என்று கேட்க என் மூளைக்கு முன்கூட்டியே தெரியவில்லை.)

மதிப்பீட்டில் என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஃபில்டர் எப்படி ஓடுது?"

"முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை மேடம். தாமதமே வராது" என்றேன் பெருமையாக.

"அப்ப பொய்யா ஒரு சிக்னல் குடுங்க. நடுவுல ஒரே ஒரு துடிப்பு. அதுக்கு முன்னாடி சுத்தமா சைபர்."

கொடுத்தேன். மூளையே இல்லாத அந்தக் கோடும் துடிப்புக்கு முன்பே அழகாக எழும்பியது. பின்னோக்கி ஓடிய ஃபில்டர், பிறகு வந்த அலையை இழுத்து முன்னால் பூசியிருந்தது.

"முன்னோக்கி மட்டும் ஓட்டினா?"

"லேட்டா காட்டும் மேடம்."

"அப்ப எப்ப கேட்டுச்சுன்னு சொன்னது மூளை இல்ல, நீங்க போட்ட ஃபில்டர்."

வெளியே அனுப்பவில்லை, ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். வீட்டில் நேரில் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். ஊர் நிறுத்தத்தில் இறங்கினால், வயலோரம் ஃபிளக்ஸில் ஆளுயரத்துக்கு என் முகம். "நடக்கப்போவதை முன்பே கண்ட எங்கள் விஞ்ஞானியே வருக!" கீழே வரிசையாக உறவினர்கள், கடைசியில் வாயில் விரலோடு அக்கா குழந்தை. பக்கத்திலேயே மச்சானும் அப்பாவும் நின்றிருந்தார்கள்.

"ரிசல்ட்டு வர்றதுக்குள்ள ஏன் மச்சான் வச்சீங்க?"

"முன்னாடியே தெரியும்னு நீதான மாப்ள சொன்ன?"

நான் கண்டுபிடித்ததே தப்பு என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் பலகையின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "தப்புன்னா திருத்திக்க. ஷீட்டு கெட்டியா இருக்கு, நெல்லுக்கு ஆவும்."

இப்போதெல்லாம் அறுப்புக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லின் மேல் நான்தான் படுத்திருக்கிறேன். வானம் இருட்டினால் அப்பா போன் செய்வார்.

"தம்பி, உன் மூஞ்சிய எடுத்துப் போத்திட்டேன்."

"மழை வந்துருச்சாப்பா?"

"இன்னும் வரல. நீதான் முன்னாடியே போயிடுவியே!"

பின்னால் வீடே சிரிக்கும். காலி அறையில் நானும் சிரிப்பேன், அவர்கள் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம்.