தயிர்சாதத்தில் வைத்த கை

மனசுக்குப் பிடித்த பெண்ணின் எதிரில் சுறுசுறுப்பைக் காட்டுகிறவன் உருப்பட்டதாகச் சரித்திரமில்லை. நானே சாட்சி.

எண்பதுகளின் கடைசி. சென்னையில் கிருமி ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். திருமானூரில் அக்கா கல்யாணம். சமையல்காரர் மாணிக்கத்தின் மகள் மலர், மதியப் பந்திக்கு விடிகாலையிலேயே அண்டாவில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். நான்கு வருஷமாக அவளோடு மனசுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். (அவளுக்குத்தான் தகவல் சொல்லவில்லை.)

"நகருங்க, நான் பிசையறேன்."

"விரல்ல புண்ணு இருக்குங்களே?"

"இதெல்லாம் ஒரு புண்ணா!" (சொன்னவன் கிருமி படிப்பவன்.)

பந்தி முடிந்து மூன்று மணி நேரத்தில் மண்டபமே வாந்தி எடுத்தது. மறுநாள் எல்லோரும் தேறிவிட்டார்கள். மாணிக்கத்தின் பேர்தான் தேறவில்லை. ஆவணிக்குப் பேசியிருந்த கல்யாணச் சமையல் எல்லாம் கைநழுவிப் போயின.

"எங்கப்பா கை சுத்தமுங்க. இத யாருகிட்ட போயி சொல்றது?" என்று மலர் அழுதாள்.

"நான் நிரூபிக்கிறேன்" என்றேன். மிச்சச் சாதத்தையும் மாணிக்கம், மலர் இருவரின் கையையும் துடைத்த பஞ்சுகளையும் ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ் ஏறினேன். வழியெல்லாம், நான் திரும்பி வரும்போது வாசலில் நிற்கப்போகும் மலரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சோத்துல கை வச்ச எல்லாரோடதும் வேணும்பா" என்றார் பேராசிரியர். ஒப்புக்கு என் புண்ணையும் துடைத்துக் கொடுத்தேன்.

கிருமியின் டி.என்.ஏ.வை ஜெல் என்கிற கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கோடு கோடாகப் பிரியும். ஒரே வம்சத்துக் கிருமிகளுக்குக் கோடுகளும் ஒரே மாதிரி இருக்கும். மாணிக்கத்தின் கையிலிருந்த கிருமியும் மலரின் கையிலிருந்த கிருமியும் சாதத்துக் கிருமியோடு ஒட்டவே இல்லை. எனக்கும் தயிர்சாதத்துக்கும் பத்துப் பொருத்தமும் அமைந்திருந்தது.

சொன்னால் மலர் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் அப்பாவின் பிழைப்புப் போய்விடும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, ஊருக்கு வந்து எல்லோர் முன்னாலும் அந்த ஜெல் படத்தை நீட்டினேன்.

மாணிக்கம் என் விரலையே பார்த்தார். "தம்பி, இந்தக் கையாலயா பிசைஞ்சீங்க?"

மலர் கோபப்படக்கூட இல்லை. "அன்னைக்கே கேட்டேனுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தை மாதம் அவளுக்கு அரியலூரில் கல்யாணம். சமையல் அவள் அப்பாவே. தயிர்சாதம் அமிர்தமாக இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் பரிமாறும் வாளிப் பக்கம் போனால் போதும், "நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க, இங்க ஜெல்லு ஓட்ட ஆளில்ல" என்பாள் என் மனைவி. பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். தயிர்சாதம் வரும்போது மட்டும், வாளி பிடித்திருப்பது யாரென்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன்.