சுவிட்ச் தாத்தாவின் உயிர் சம்பந்தமாக

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, மகள் மூவரும் சுகமே. எனக்குப் பல்வலி மட்டும் உண்டு. அதற்கும் உன் புத்தகத்துக்கும் தொடர்பு இருப்பதால் அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள், நீ வேளைக்குச் சாப்பிட்டு, கேட்ட தேதிக்கு எழுதிக் கொடுத்து வருவாய் என்று நம்புகிறோம். தேதி விஷயத்தை மட்டும் உன் அக்கா நம்பவில்லை.

போன வாரம் நீ ஃபோனில் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஃபோனில் எதைச் சொன்னாலும் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்துகிறாள். பத்திரிகையில் நிருபராக இருந்த காலத்தில் என் செய்தியில் கைவைக்கத் துணையாசிரியர்களே யோசிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்படி யோசிக்கிறவர் யாரும் இந்த வீட்டில் இல்லை.

நீ சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "அத்தான், மூணாவது புத்தகத்துல சுவிட்ச் தாத்தா சாக வேண்டி வரும்போல இருக்கு. பதிப்பகத்துல ஒரு சாவு கேக்குறாங்க. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க பக்குவமாச் சொல்லிப் பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க" என்றாய். தம்பி, சுவிட்ச் தாத்தா யார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். என்னிடம் நேராக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு அக்காவைச் சாக்கு வைத்துக் கேட்டிருக்கிறாய். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. முடிவைச் சொல்வதற்கு முன் நடந்ததை ஒழுங்காக வைத்துவிடுகிறேன், பழக்கதோஷம்.

முப்பது வருடத்துக்கு மேல் ஓடும் 'விண்தோணி' தொடரை நான் பார்த்தவனில்லை. அது மகளின் இலாகா. ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கிறது, எங்கும் போய்ச் சேர்வதில்லை என்ற அளவில் எனக்குத் தெரியும். அந்தக் கதையை வைத்துப் புதிதாக மூன்று நாவல் எழுத உன்னைக் கூப்பிட்டார்கள் என்றதும் நான் மகிழ்ந்தேன், உன் அக்கா கடவுளுக்கு நன்றி சொன்னாள், மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "மாமா எழுதினா எழுதட்டும்ப்பா. ஆனா திரையில நடந்தாத்தான் நடந்தது. புத்தகத்துல நடந்தது நடந்ததாகாது" என்றாள். அவள் சார்ந்த ரசிகர் குழுவில் இதுதான் சட்டமாம். எதிர்க்கட்சியும் இருக்கிறதாம். இரண்டு கட்சியும் கோர்ட் வாசலில் நிற்பதுபோல நாள்தோறும் ஃபோனில் வாதாடுகிறார்கள்.

முதல் புத்தகம் வந்தது. கப்பலின் அடித்தளத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு கிழவர், எல்லோருக்கும் பின்னால் நடந்து போய் அவர்கள் எரியவிட்டுப் போன விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார். இரண்டாம் பக்கத்திலேயே என்னைக் கண்டுகொண்டேன். கல்யாணமான புதிதில் விளக்கை வீணாக எரியவிடுவது எப்படிப்பட்ட குற்றம் என்று உன் அக்காவுக்கு ஒரு மாலை முழுக்க எடுத்துச் சொன்னேன். அன்று முதல் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. கண்டிப்பு என்றால் அது. அதை நீ கவனித்து, மனதில் வைத்திருந்து, விண்வெளி வரை கொண்டுபோயிருக்கிறாய். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

சில இடங்களில் கற்பனையும் கலந்திருக்கிறாய். தாத்தா மணிக்கட்டில் எந்நேரமும் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். டப்பாவை மூடியதும் மூடிமேல் ஒரு தட்டு தட்டுகிறார். ஒரு பேச்சை இந்த அறையில் ஆரம்பித்து அடுத்த அறைக்குப் போய் முடிக்கிறார், கேட்பவன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. இவை எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு குறைதான். கப்பலில் ஓர் அறிவிப்பாளர் வருகிறாரே, எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு 'சாப்பாடு தயார்' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர், பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்ததுபோல் அறிவிக்கிறவர், அவர் நம்பும்படியாக இல்லை. இப்படி ஒரு ஆள் உலகத்தில் இருக்க முடியாது. உன் அக்கா என்னவோ அந்தப் பக்கங்களைத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே படித்தாள்.

இனி ரசிகர்கள். மகளின் ஃபோனில் வந்த கருத்துகளை அவள் வாசிக்க வாசிக்க எனக்கு ரத்தம் கொதித்தது. 'யார் கேட்டார்கள் இந்தக் கிழவரை?' 'சூரியனுக்குப் பக்கத்தில் பறக்கும் கப்பலில் மின்சாரச் சிக்கனம் எதற்கு?' 'ஆசிரியரின் மாமனாராக இருக்கும்.' சுவிட்ச் தாத்தா என்ற பெயரே அவர்கள் கேலிக்கு வைத்ததுதான். நானும் அந்தக் குழுவில் 'நடுநிலையாளன்' என்ற பெயரில் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஆதாரத்தோடு பதில் எழுதினேன். ஒரே நாளில் தூக்கிவிட்டார்கள். பதிப்பகம் சம்பளம் கொடுத்து ஏவிவிட்ட ஆள் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று பார்த்தால், என் பல் டாக்டர்.

எனக்கு அது தெரியவந்தது அவர் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது. கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டே ஆரம்பித்தார். "நல்லாத் திறங்க சார். நீங்க பேப்பர்ல இருந்தவர், நீங்களே சொல்லுங்க. இத்தனை வருஷமா ஓடுற கதையில திடீர்னு ஒரு பெருசு வந்து லைட்டை அணைச்சா ஒத்துக்க முடியுமா?"

"ஆ" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். சகிக்கல இல்ல?"

"ஆ, ஆ" என்று கையை ஆட்டினேன். வலிக்கிறது போலும் என்று இன்னொரு ஊசி போட்டார். கீழே இறங்கியபோது நாக்கும் உதடும் மரத்து, தாத்தாவுக்காக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் அடுத்த முறை போகாமல் விட்டதால்தான் இன்றும் பல்வலி.

பிறகு இரண்டாம் புத்தகம் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. எதிரிகள் கப்பலைத் தேடி வரும்போது தாத்தா தன் பாட்டுக்கு ஒவ்வொரு தளமாக அணைத்துக்கொண்டே போகிறார். கடைசி விளக்கும் போனதும் கப்பல் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து எதிரிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாத்தாவுக்கு எதிரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த அத்தியாயம் தம்பி, என்ன சொல்ல, நன்றாக வந்திருக்கிறது. திட்டின வாயெல்லாம் திரும்பிக்கொண்டது. 'எங்கள் வீட்டிலும் ஒரு சுவிட்ச் தாத்தா இருந்தார், இருக்கும்போது தெரியவில்லை' என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஆளைப் பற்றி எழுதினார்கள். பல் டாக்டரே, தன் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற அம்மாவுக்கு முதல்முறையாக நன்றி சொன்னதாக எழுதியிருந்தார். மகள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "மாமா நல்லாத்தான் எழுதியிருக்கார். நடந்ததாகாது, ஆனா நல்லாருக்கு" என்றாள்.

தாத்தாவின் அசல் உருவம் இந்த வீட்டில் இருப்பதை மகள் உளறிவிட்டாள். உளறும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். நூலகத்தின் மாடிக்கூடத்தில் ரசிகர் கூட்டம் வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். உன் அக்காவும் வந்தாள். பஸ் ஓட்டுகிற அம்மாள் ஒருவர் எழுந்து, "ஐயா, தாத்தா ஏன் கையில ரப்பர் பேண்ட் போட்டிருக்கார்?" என்று கேட்டார். நிருபர்களுக்குக் காகிதங்களைச் சுருட்டிக் கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பழக்கம் என்று விளக்கினேன். பக்கத்தில் உன் அக்கா, பிரித்த பிஸ்கட் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள், பேச்சைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் தாத்தாவின் கையாலேயே கூடத்து விளக்கை அணைக்க வேண்டும் என்றார்கள். எழுந்து போய்க் கம்பீரமாக ஒரு சுவிட்சை அமுக்கினேன். அது தீ விபத்து மணி. கூட்டம் மொத்தமும் படியிறங்கித் தெருவுக்கு ஓடியது. புத்தகத்தில் இல்லாத காட்சி என்று சிலர் ரசித்தார்கள். நாங்கள் திரும்ப மேலே ஏறியபோது மணியும் நின்றிருந்தது, கூடத்தின் விளக்குகளும் அணைந்திருந்தன, வாசலில் உன் அக்கா கைப்பையோடு நின்றிருந்தாள். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

இதற்கெல்லாம் நான் உனக்கு நன்றிக்கடன்பட்டவன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மணி என்ன என்றுகூடக் கேட்பதில்லை, எல்லோரிடமும் ஃபோன் இருக்கிறது. மகளும் நானும் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இன்று சாப்பாட்டு மேசையில் தட்டுக் காயும்வரை தாத்தாவைப் பற்றிச் சண்டை போடுகிறோம். உன் அக்கா உன் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள். ஒரு குடும்பத்துக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்.

ஆகவே நேற்று, நீ சொன்னபடி, பக்குவமாகச் சொன்னேன். உன் அக்கா சமையலறை வாசலில் சுவிட்சின்மேல் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"கொன்னுடுவானாமா?"

"கதைக்குத் தேவைப்படுதாம்."

"சின்ன வயசுல அவனுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்றாள். என்மேல் அவளுக்கு இவ்வளவு பாசம் என்று நான் நினைத்ததில்லை.

மகள் சமாதானப்படுத்தினாள். "புத்தகத்துல செத்தா செத்ததாகாதும்மா."

"அப்ப புத்தகத்துல இருந்தது மட்டும் இருந்ததாகுமா?" என்று கேட்டுவிட்டு, விரலை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். மகள் ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். குழுவின் சட்டத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது.

இருந்தாலும் தம்பி, உறவு வேறு, தொழில் வேறு. என் முடிவு இது: தாராளமாகக் கொல். எனக்கு ஆட்சேபணை இல்லை, உன் அக்காவை நான் சமாளித்துக்கொள்கிறேன். இரங்கல் செய்தி பல எழுதியவன் என்ற முறையில் ஒரே வேண்டுகோள். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று மட்டும் எழுதாதே. என்ன வேலை பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று எழுதினால் போதும், மிச்சத்தைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வேறு விசேஷம் இல்லை. நேற்று முதல் வீட்டில் விளக்குகள் அணையாமல் இருக்கின்றன. காலையில் எழுந்து பார்த்தால் கூடம், குளியலறை, மாடிப்படி எல்லாம் எரிகிறது. வயரிங்கில் ஏதோ கோளாறு. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.

நீயும் உன் மனைவியும் குறைவில்லாத ஆயுளோடும், குறையாத பக்கங்களோடும் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார். எல்லாப் பெட்டியையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "வயரிங் சுத்தமா இருக்கு சார். யாராச்சும் அணைச்சாத்தான் அணையும்" என்றார். இத்தனை நாள் யார் அணைத்தார்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் உன் அக்காவைப் பார்த்தார். வந்து பத்து நிமிஷமான ஆள்.

அவர் போனதும் உன் அக்கா இந்தக் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். அறிவிப்பாளர் வருகிற இடத்தில் சிரித்தாள். தீ மணி இடத்திலும் சிரித்தாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"அது நான்ங்க. எனக்கு ஒரு மீசையை வெச்சு விட்டுட்டான், அவ்வளவுதான். நீங்க போற எடமெல்லாம் போட்டுட்டுப் போவீங்க, நான் பின்னாடியே வந்து அணைப்பேன். அம்மா வீட்டுலயும் அப்படித்தான். ஒருத்தன் கண்ணுலயாவது பட்டிருக்கேன்னு நினைச்சேன். அவனும் முடிச்சுக் கட்டப் பாக்குறான்."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க." பாதிப் பேச்சில் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்; நான் பின்னாலேயே ஓடினேன். "அதையும் எதுக்கு அணைப்பானேன்னு விட்டுட்டேன்" என்று அங்கே முடித்தாள்.

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. செய்தி வந்த பக்கத்திலேயே திருத்தத்தையும் வெளியிட வேண்டும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

திருத்தம்: மேற்கண்ட கடிதத்தில் சுவிட்ச் தாத்தாவின் அசல் இன்னார் என்று வெளியான தகவல் தவறு. நிருபர் ஒரே வீட்டில் இருந்தும் விசாரிக்கவில்லை. கொல்லலாம் என்று அவர் தந்த அனுமதி செல்லாது. அது அவர் தரக்கூடியதே அல்ல. தாத்தா உயிரோடு இருக்க வேண்டும். பதிப்பகத்துக்கு ஒரு சாவு வேண்டியே தீரும் என்றால் அந்த அறிவிப்பாளரைக் கொல்லலாம். அவர் யாரென்று உன் அக்கா சொல்லிவிட்டாள். ஆட்சேபணை இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்.

இதை எழுதி முடித்து மேசை விளக்கை நானே அணைத்தேன். உன் அக்கா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியாகத்தான் அணைத்திருக்கிறேன் என்று சொன்னாள்.