நீல இலையும் காலிக் கூடையும்

"ஐயோ, இதுவும் நீலமா!" என்று குனில்லா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் செடி அறை. பழம் தானே வெளிவிட்டு, தன்னைப் பழுக்க வைத்துக்கொள்கிற எத்திலீன் வாயு செடிக்கு ஹார்மோன். மரபணுவின் வாசலில் புரொமோட்டர் என்றொரு துண்டு காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும். குனில்லா பொருத்திய காவல்காரன் எத்திலீன் வந்தால்தான் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால், சாயத்தில் ஊறிய இலை நீலமாகும். இவையோ வாயுவே காட்டாத செடிகள்! வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு வருகிறது. அதற்குள் சரியாகாவிட்டால் ஆராய்ச்சியே அம்போ.

"எத்திலீன் சிலிண்டர் கசியுதோ என்னவோ," என்று தோழி மாலின் குழாயையே மாற்றிக் கொடுத்தாள்.

நன்றிக்கு, வீட்டு மரத்து ஆப்பிளைக் காபி அறைக் கூடையில் நிரப்பி வைத்தாள் குனில்லா. இலையுதிர்காலத்தில் தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்களின் ஆப்பிள் அங்கேயே கிடந்து அழுகும். இவள் கூடை மட்டும் மறுநாளே காலி! அதைப் பார்த்தாலே அவளுக்கு மனசு நிறைந்துவிடும். செடி அறைக்குள் மட்டும் ஒரு வாழைப்பழத்தைக்கூட விடமாட்டாள், அவ்வளவு கறார்.

அடுத்த இலை முன்னைவிட நீலம்.

"பஸ் புகையிலயும் எத்திலீன் உண்டே! ஸ்தூரே, அந்தக் காத்துத் துவாரத்தைக் கொஞ்சம் அடைச்சுடுங்களேன்," என்றாள் குனில்லா.

கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஸ்தூரே பரம சாது. உடனே அடைத்தார். அவருக்காக இன்னொரு கூடை ஆப்பிள் வந்தது. அதுவும் காலி.

இப்போது இலை மையில் முக்கியெடுத்தது போல இருந்தது.

"உன் காவல்காரன் தூங்குமூஞ்சிடி. கதவைத் திறந்து போட்டுட்டுக் குறட்டை விடறான்," என்றாள் மாலின்.

குனில்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வியாழக்கிழமை மாலை ஸ்தூரேயைச் செடி அறைக்குக் கூப்பிட்டாள்.

"எல்லாச் செடியையும் தூக்கிப் போட்டுடுங்க. அந்த ஓரத்து அலமாரியையும் ஒழிச்சுடுங்க."

"அலமாரியையுமா?" ஸ்தூரேயின் காது சிவந்தது.

"ஏன்? பழைய தொட்டிங்கதானே இருக்கு?"

ஸ்தூரே தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க குனில்லா. உங்க ஆப்பிள் ஒரே புளிப்பு, ஒருத்தரும் தொடறதில்ல. நீங்க வருத்தப்படுவீங்களேன்னு நான்தான் தினமும் கூடையைக் காலி பண்ணி, அந்த அலமாரியில பழுக்க வச்சிருக்கேன்!"