தீவுநேசனுக்கு வண்டி அனுப்பியாயிற்று

"பாலகுரு, வர்ற ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட் டூட்டி இருக்கு. கிரீஸ்லேர்ந்து எழுத்தாளர் தீவுநேசன் வர்றார். பேர் எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நீங்கதான் நிக்கணும்," என்றார் பின்சீட்டில் இருந்த பானுமதி மேடம்.

பாலகுரு பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே அவன் பரம்பரையைத் திட்டினான்.

"என்னாச்சு?"

"பூனை மேடம்."

பூனையாவது புலியாவது! தீவுநேசன் என்பதே பாலகுருதான். தன்னைத் தானே போய் எப்படி ஐயா அழைத்து வருவது?

வளைகுடாவில் முசஃபா என்ற இடத்தில் இருக்கும் ஒரு பெயிண்டிங் கம்பெனியின் மேனேஜர் வீட்டு டிரைவர் அவன். பானுமதி மேடம் மேனேஜரின் மனைவி, தமிழ் மன்றத்தின் இலக்கியச் செயலாளர். மேடம் அழகு நிலையத்துக்குள் போனால் பாலகுருவுக்கு ஒரு கட்டுரை தேறும். மாலுக்குள் போனால் ஒன்றரை. வண்டியை நிழலில் போட்டுவிட்டுச் செல்போனில் தட்டித் தட்டியே மூன்று வருஷமாக ஓர் இணைய வாரப் பத்திரிகையில் 'குட்டித் தீவிலிருந்து' என்ற தொடரை எழுதி வந்தான். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

முதலில் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கையைத்தான் எழுதி அனுப்பினான். 'வளைகுடாக் கண்ணீர் எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் ஆபீஸ் குப்பையில் மேலட்டை கிழிந்த காலண்டர் ஒன்று அவன் கண்ணில் பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கும் வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கடலுக்கு இறங்கும் படிகள். ஒவ்வொரு படத்தின் கீழும் கிரேக்க எழுத்தில் ஒரே வார்த்தை. செல்போனில் தேடிப் பார்த்தால் 'தீவு' என்று வந்தது. அது போதாதா? அன்று குடியேறியவன்தான், இன்னும் கிரீஸை விட்டுக் கிளம்பவில்லை. எந்தத் தீவு என்று வாசகர்கள் கேட்டால், "பெயரைச் சொன்னால் கூட்டம் கூடிவிடும்" என்று எழுதிவிடுவான்.

மேடம் தீவுநேசனுக்கு மெயிலில் அழைப்பு அனுப்பியபோது முடியாது என்று ஒற்றை வரியில் முடித்திருக்கலாம். மரியாதை தெரிந்த மனிதன், "அவசியம் வர முயல்கிறேன்" என்று எழுதிவிட்டான். முயல்கிறேன் என்றால் வரமாட்டேன் என்றுதான் அவன் ஊரில் அர்த்தம். மேடம் அதைப் பார்த்ததும் ஹாலையே புக் செய்துவிட்டார்.

அன்று மத்தியானமே பார்க்கிங்கில் உட்கார்ந்து, கடல் கொந்தளிப்பு, படகு ஓடவில்லை என்று மெயில் போட்டான். மறுநாள் காரில் மேடம் அதைத் தோழி ஒருத்திக்குப் போனில் வாசித்துக் காட்டினார்.

"'நேற்று முதல் இந்தத் தீவு தன் கதவைத் தானே சாத்திக்கொண்டது. சாவி கடலிடம் இருக்கிறது.' எப்படி எழுதறார் பாருடி! கமிட்டியில ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

பாலகுருவுக்கு ஸ்டியரிங் பிடித்த கை புல்லரித்தது. 'சாத்திக்கொண்டது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்திருக்கலாமே என்று ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான்.

"அதனால விழாவையே ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டோம்," என்றார் மேடம்.

புல்லரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த மெயிலில் தீவுநேசன் நூற்றுப் பன்னிரண்டு படிகளில் உருண்டு விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். இரண்டு வரியில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பான். எழுதுகிற கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு படியாக வர்ணித்துக்கொண்டே மூன்று பக்கத்துக்கு விழுந்தான்.

"என்ன அழகா விழுந்திருக்கார் மனுஷன்!" மேடம் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பாலகுரு, ஏர்போர்ட் டூட்டி கேன்சல். அவர் வர வேண்டாம், நாமளே தீவுக்குப் போயிடலாம். ஹால்ல பெரிய ஸ்க்ரீன், வீடியோ கால். இருநூறு பேர் வர்றாங்க. நீங்க ஹால்லயே இருந்து மைக் பிடிச்சுக்குங்க."

"சரி மேடம்," என்றான். மூன்று வருஷத்தில் மேடம் அவன் வாயிலிருந்து கேட்டது இரண்டே வாக்கியம்: 'சரி மேடம்', 'வந்துட்டோம் மேடம்'.

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கேம்ப் ரூமில் பக்கத்துக் கட்டில்காரனான மகேசனிடம் எல்லாவற்றையும் கொட்டினான். மகேசன் யாழ்ப்பாணத்துக்காரன், அதே கம்பெனியில் பெயிண்டர், வேலையில் சுத்தமான கைக்காரன். அடி விழும் என்று எதிர்பார்த்தால், மகேசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வருசமா ஒரே ரூமில கிடக்கிறம். நீங்கள் ஒரு எழுத்தாளர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அண்ணை! எங்கட ரூமில எழுத்தாளர்! ஊருக்குப் போன் எடுத்துச் சொல்லட்டோ?"

"ஐயோ, வாயைத் திறக்காதப்பா! மாட்டினா டிரைவர் வேலையும் போச்சு, தொடரும் போச்சு. எனக்கு இந்த உலகத்துல சொந்தம்னு சொல்லிக்க அந்தத் தொடர் ஒண்ணுதான் இருக்கு."

"யோசிக்காதேங்கோ. உங்களுக்குத் தீவுதானே வேணும்? பெயிண்ட் ஷெட்டுக்குள்ள நான் கட்டித் தாறன்."

பாலகுரு பெட்டியைத் திறந்து காலண்டரை எடுக்கப் போனான்.

"படம் என்னத்துக்கு? வெள்ளைச் சுவர், நீலக் கதவு, ரெண்டு படி. உது மாதிரி எத்தினை அடிச்சிருப்பன்."

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயிண்ட் ஷெட்டில் கிரீஸ் எழுந்து நின்றது. பிளைவுட் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன். கடல் ஓசைக்கு மகேசனே தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் டிரம்மில் கையால் அலையடிப்பதாக ஏற்பாடு. எழுத்தாளர் முகம் காட்ட விரும்பாதவர், கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி தொப்பியோடு பேசுவார் என்று மேடத்துக்கு முன்கூட்டியே மெயில் போய்விட்டது. டிரைவர் பாலகுருவுக்கு மட்டும் காலையிலிருந்து கடுமையான வயிற்றுக் கோளாறு.

"அடடா, ரெஸ்ட் எடுங்க. மைக்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் மேடம் போனில். தங்கமான மனுஷி.

ஐந்து மணிக்குக் கால் வந்தது. கைதட்டல் ஷெட்டையே உலுக்கியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பாலகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருநூறு பேர்! அவன் எழுத்துக்காக! மகேசனும் உற்சாகமாகி டிரம்மில் புயலைக் கிளப்பினான்.

"ஐயா, பேசலாமா?" என்றார் மேடம்.

"சரி மேடம்."

டிரைவர் குரலிலேயே பதில் போய்விட்டது. பாலகுரு அவசரமாகத் தொண்டையைக் கனைத்துக் குரலை அடித்தொண்டைக்கு இறக்கினான். "உப்புக் காற்று, தாயே. தொண்டை கட்டிக்கொண்டது."

"ஐயா, அந்த மீன்! கதவுக்கடியில அதே மீன்!" மேடம் கிட்டத்தட்டக் கத்தினார்.

பாலகுரு ஓரக்கண்ணால் பார்த்தான். நீலக் கதவின் அடி மூலையில், குனிந்தால் மட்டுமே தெரிகிற மாதிரி, விரல் நீளத்துக்கு ஒரு மீன். காலண்டரின் ஏப்ரல் மாதப் படத்தில் இருந்ததே, அவன் ஒரு கட்டுரையே எழுதினானே, அதே மீன். மகேசன் ரகசியமாகக் கட்டுரையைத் தேடிப் படித்திருக்கிறான், கெட்டிக்காரன்!

"அந்த மீன் கட்டுரையை நான் இப்ப வாசிக்கறேன்," என்று மேடம் தொடங்கினார். "'இதை வரைந்தவன் இந்தத் தீவுக்காரன் இல்லை. எங்கிருந்தோ வேலைக்கு வந்தவன். சுவர் முழுக்க அவன் வேலை, ஆனால் சுவரில் அவன் பெயருக்கு இடமில்லை. அதனால் ஒரு மீனை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.'"

பாலகுரு நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் மூன்று வருஷம் பார்க்கிங்கில் வேகலாம் என்று தோன்றியது.

அந்த நிமிஷம் பார்த்துத்தான் ஷெட் கதவைத் தள்ளிக்கொண்டு கேம்பைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் மூசா பாய் உள்ளே வந்தார். கையில் தூக்குச் சட்டி.

"அரே பாலகுரு பாய்! ரூம்ல தேடி, மெஸ்ல தேடி, இங்கயா இருக்கே? பானுமதி மேடம் போன் பண்ணாங்க. உனக்குப் பேட் மே தர்த், வயித்து வலியாம், கஞ்சி குடுக்கச் சொன்னாங்க. ஜல்தி குடி!"

திரும்பாதே, திரும்பாதே என்று மனசு சொல்வதற்குள் பாலகுரு திரும்பிவிட்டான். தொப்பி கழன்று விழுந்தது. மகேசன் டிரம்மை நிறுத்தினான். கடல் அப்படியே நின்றுபோயிற்று.

"பாலகுரு... நீங்களா?" என்றார் மேடம்.

கார்ச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் என்ன நினைத்தானோ, எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நான்தான் மேடம். கிரீஸை நான் கண்ணால பாத்ததில்ல." தைரியத்துக்காகச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த காலண்டரை எடுத்து ஏப்ரல் மாதத்தைக் கேமராவுக்குக் காட்டினான். "இதைப் பாத்துத்தான் எழுதினேன். மன்னிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு மேடம், தீவுதான் காலண்டரோடது. எழுத்து என்னுது. ஒவ்வொரு வரியும் என்னுது."

இத்தனை நீளமாக அவன் மேடத்திடம் பேசியதே இல்லை. ஹாலில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எழுத்தை நான் குறை சொல்லல பாலகுரு." மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மீன் கட்டுரையைப் படிச்ச அன்னைக்குத்தான், எங்க கம்பெனியில சுவர் அடிக்கறவங்க ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாதுன்னு உறைச்சுது. ராத்திரி தூங்கல. அந்த மீனை வரைஞ்சவனை நினைச்சு எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா? அதுவும் கற்பனைதானா? அப்படி ஒரு ஆளே கிடையாதா?"

பாலகுரு கையிலிருந்த காலண்டரையே பார்த்தான். மூசா பாய் என்ன நடக்கிறதென்று புரியாமல் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மகேசன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து காலண்டரை வாங்கினான். அந்தப் படத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான், பிளைவுட் கதவின் அடி மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு கேமராவுக்கு முன்னால் வந்து நேராக நின்றான்.

"அம்மா, இது கிரீஸ் இல்லை, இங்க கரையில இருந்து இருபது நிமிசம் படகில போய் எங்கட கம்பனி பெயிண்ட் அடிச்சுக் குடுத்த ஹோட்டல், கீழ இருக்கிற எழுத்து அதின்ர பேர், அந்த மீனைக் கீறின ஆள் நான்தான், பேர் மகேசன்."