மைனஸ் பன்னிரண்டு லிட்டர் பலாப்பழம்

நாற்பத்தாறாவது வயதில், ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஹானர்ஸ் கால்குலஸ் வாய்மொழித் தேர்வுக்குப் போனவன் நான். தேர்வறை எங்கள் இருவரையுமே ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த வயதில் உனக்கு எதற்குக் கால்குலஸ் என்று கேட்பீர்கள். (என் மனைவி செல்வியும் கேட்டாள். 'எதுக்கு' என்பதற்கு முன்னால் அவள் சேர்த்த சொற்களை இங்கே எழுத முடியாது.) காரணம், அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் யாழினி. ஜமுனாமரத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் எனக்கு, அவள் கணிதப் பேராசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. அவளுக்கோ வேளாண்மைதான்.

"சாமையில பூச்சி வுழுந்தா இன்னா பண்றதுன்னு இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கப்பா. நான் ஒழுங்கா படிச்சுட்டு வந்து சொல்றேன்."

"அதெல்லாம் இல்ல. கணக்குன்னா உனக்கு பயம்."

"பயம்லாம் இல்ல. புடிக்கல."

பிடிக்கவில்லை என்பதைத் தெரியவில்லை என்று மொழிபெயர்த்துக்கொள்வது தகப்பன்களின் பிறவிக்குணம். ஒருநாள் வீராப்பில் வாயை விட்டேன். "நானே படிச்சுக் காட்டுறேன். அதுவும் ஹானர்ஸ். தேறிட்டேன்னா நீ கணக்குதான் எடுக்கணும். தேறலன்னா உன் இஷ்டம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

செல்வி சாட்சி.

மலைக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடம் உண்டு. சனி, ஞாயிறு வகுப்பு. முதல்நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றது. நானும் தலையசைத்து உட்காரச் சொல்லிவிட்டேன். (அதுவரை கிடைக்காத மரியாதை. உடனே மறுக்க மனசு வரவில்லை.) பின்னாலேயே உண்மையான பேராசிரியை வந்தார். பெயர் நித்யா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் கடைசி பெஞ்சைத் தேடிப் போனேன்.

முதல் செமஸ்டரை மனப்பாடத்தாலேயே கடந்தேன். அரசாணைகளை எண், நாள் சகிதம் ஒப்பிக்கிறவனுக்குச் சூத்திரங்கள் எம்மாத்திரம்! மதிப்பெண் பட்டியலைச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். யாழினி அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது செமஸ்டரில்தான் ஹானர்ஸ் தன் சுயரூபத்தைக் காட்டியது. சாதாரணப் பிரிவில் விடை என்ன என்று கேட்பார்கள். ஹானர்ஸில் ஏன் என்று கேட்பார்கள். என் இருபத்திரண்டு வருட சர்வீஸில் என்னை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கே கையெழுத்து என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முடிவே இல்லாத ஒரு தொடரைக் கூட்டிக்கொண்டே போனால் அது ஓர் எண்ணில் போய் நிற்கும் என்றார் நித்யா மேடம். எங்கள் அலுவலகத்திலும் கோப்புகள் முடிவில்லாமல் சேர்கின்றன. அவை எங்கேயும் போய் நின்றதாகத் தகவல் இல்லை.

எழுத்துத் தேர்வில் நூலிழையில் தொங்கினேன். வாய்மொழித் தேர்வில் தேறினால் ஹானர்ஸ். இல்லாவிட்டால் சாதாரணப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். யாழினியின் தலையெழுத்தும் அன்றைக்குத்தான் தீர்மானம்.

எங்கள் மலையில், யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையை வீசிக்கொண்டு போக மாட்டோம். தேனோ, சாமையோ, சீசனில் விளைந்த எதுவோ கையில் இருக்க வேண்டும். அது மே மாதம். இருப்பதிலேயே பெரிய பலாப்பழமாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னா சார், சம்மந்தி வூட்டுக்கா?" என்றார் கண்டக்டர்.

"பரீட்சைக்கு."

அதற்குப் பிறகு திருப்பத்தூர் வரை அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

நித்யா மேடம் பழத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சார், இன்னைக்கு நான் எதுவும் வாங்கக் கூடாது. தப்பாயிடும்." லஞ்சம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

"ஐயோ, எங்க ஊர் பழக்கம்ங்க மேடம்."

"புரியுது சார். மேசை மேல வைங்க. இதையே கேள்வியாக்கிடலாம். தொகையீடு போட்டு இதோட கன அளவு எவ்வளவுன்னு சொல்லுங்க."

அளந்தேன். நீளம் நாற்பது சென்டிமீட்டர், நடுவில் அகலம் இருபத்துநான்கு. ஒரு நீள்வட்டத்தை அதன் அச்சில் சுழற்றினால் பலாப்பழம் தயார். சூத்திரம் நுனிநாக்கில் இருந்தது. பலகையில் மளமளவென்று எழுதினேன். கிட்டத்தட்டப் பன்னிரண்டு லிட்டர் வந்தது. முன்னால் ஒரு மைனஸோடு.

மேசையில் பழம் கமகமத்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாததைவிடவும் குறைவாக இருக்கிற எந்தப் பொருளுக்கும் அப்படி ஒரு வாசம் இருக்க முடியாது.

"பழம் மைனஸ்ல இருக்குமா சார்?"

"இருக்காதுங்க."

"அப்போ?"

மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. மைனஸைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே அன்றைய தேதியும் போட்டேன். (அடித்தல் திருத்தல் இருந்தால் ஒப்பமிட வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.)

மேடம் சுருக்கொப்பத்தைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன சார்?"

"திருத்தம்ங்க. இதுக்கு நான் பொறுப்பு."

"பொறுப்பு சரி. காரணம்? ஏன் மைனஸ் வந்துச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க, பாஸ் போட்டுடறேன்."

இவ்வளவு இறங்கி வந்த ஒரு தேர்வாளரை நான் பார்த்ததில்லை. நெற்றியைத் தேய்த்தேன், பழத்தைப் பார்த்தேன்.

"கொட்டையைக் கழிச்சதாலங்களா?"

வாசலில் முறைக்காகக் காத்திருந்த பெண் ஒருத்தி இருமினாள். அது இருமல் இல்லை.

பழம் என்னோடு திரும்பியது. அதே பஸ், அதே கண்டக்டர். "இன்னா சார், சம்மந்தம் ஒத்து வரலியா?" என்றார். ஒத்து வரவில்லை என்றேன்.

வீட்டில் செல்வி கத்திக்கு எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்தாள். யாழினி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னா கேட்டாங்க?" என்றாள். செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். சுளையை மென்று முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"எல்லையத் தலைகீழாப் போட்டுக்கீறப்பா. மைனஸ் இருபதுலேர்ந்து ப்ளஸ் இருபதுக்கு ஏறணும். நீ மேலேர்ந்து கீழ எறங்கிக்கீற. அதான் மைனஸ்."

துள்ளி எழுந்தேன். "பாத்தியா! உனக்குள்ள கணக்கு இருக்குது!"

"இருக்குதுப்பா. தெரியலன்னு நான் எப்ப சொன்னேன்? புடிக்கலன்னுதான சொன்னேன்."

"சத்தியம் பண்ணிக்கீறீங்க," என்றாள் செல்வி, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

மறுவாரம் வேளாண்மைக்கு விண்ணப்பித்தோம். ஏன் கூடாது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. முன்னாலும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சாதாரணப் பிரிவுக்கு இறங்கி, யாரும் ஏன் என்று கேட்காத நிம்மதியில் இருக்கிறேன். வீட்டில்தான் நிம்மதி போயிற்று. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "அடிச்சுட்டு ஒரு கையெழுத்து போடுங்க" என்கிறாள் செல்வி.

போன வாரம் விடுதியிலிருந்து யாழினி போன் செய்தாள். "அப்பா, ரெண்டாவது செமஸ்டர்ல எங்களுக்கும் கணக்கு வெச்சிக்கீறாங்க. தொகையீடுலாம் வருது."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீ கவலையே படாத. சனிக்கிழமை மொத பஸ்ஸுல வர்றேன். பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன்."

"வாணாம்பா," என்றாள். "நான் பாஸாவணும்."