வயர்மேன் தொடாத தலைப்பு

எங்கள் செக்காலைப் பகுதியில் விவிலியத்தைப் படித்தவர்கள் உண்டு, மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. அதைத் தலைப்புத் தலைப்பாக வாழ்ந்து பார்த்து வீட்டைத் தலைகீழாக்கியவர் வயர்மேன் ஒருவர்தான்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் கூடும் அன்பியத்தில், வாரம் ஒரு தலைப்பாக விவிலியம் நடத்துவார். அவருக்கு ஒரு சட்டம்: நடத்தப்போகும் தலைப்பை, முந்தைய வாரம் முழுக்கத் தானே கடைப்பிடித்திருக்க வேண்டும்.

‘மௌனம்’ வாரத்தில் மீன்கடையில் கைஜாடையில் பேரம் பேசினார். கேட்டது அயிரை, கிடைத்தது நெத்திலி. ‘விருந்தோம்பல்’ வாரத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் இலை போட்டார்.

“அடுத்த வாரம் நோன்புன்னு வச்சுக்கங்க. அரிசி தீந்துபோச்சு” என்றார் அவர் மனைவி ரோஸி அக்கா.

‘கழுதைகள்’ என்றுகூட ஒரு தலைப்பு வந்தது, அதுவும் இரண்டு வாரம். ‘மன்னிப்பு’ மட்டும் வரவே இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் அடக்கத்துக்கு இவர் வந்து சேரும் முன்பே சவப்பெட்டியைத் தம்பி மூடிவிட்டார் என்று, அமராவதிபுதூரில் இருக்கும் அந்தத் தம்பியோடு பேச்சே கிடையாது.

தவக்காலத்து இரண்டாம் வெள்ளியன்று, கூட்டத்துக்கு வரும் கணக்கு டீச்சர் கேட்டேவிட்டார். (அது முதல் வெள்ளி என்று டீச்சர் இன்றும் சாதிப்பார். இல்லை.)

“கழுதையவே ரெண்டு வாரம் நடத்துனீக. மன்னிப்பு எப்ப?”

“தயாரிப்பு முடியல டீச்சர்.”

“கழுதைக்கு என்ன தயாரிச்சீக?”

ரோஸி அக்கா முந்திக்கொண்டார். “அதுக்கு இவுக தனியா வேற தயாரிக்கணுமாக்கும்?”

எல்லாரும் சிரித்தோம். வயர்மேன் சிரிக்கவில்லை. “வர்ற வெள்ளி மன்னிப்பு” என்றார்.

மறுவெள்ளி எங்கள் வீட்டில் கூட்டம். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, சுண்டலும் ஆறியது. நடத்துபவரைக் காணோம்.

“தெனமும் தம்பி வீட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாக. இன்னைக்கு இன்னும் வரல” என்றார் ரோஸி அக்கா.

வாசலில் ஆட்டோ நின்றது. வயர்மேன் இறங்கினார். பின்னாலேயே, அதே மூக்கோடு இன்னொருவர்.

வயர்மேன் புத்தகத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், மறுபடியும் துடைத்து மாட்டினார்.

“இங்குட்டுக் குடுண்ணே, நான் வாசிக்கிறேன்” என்றார் தம்பி. வயர்மேன் தன் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கொட்டாவி விடாத வாசிப்பு அதுதான்.

முடிந்ததும் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடுத்த வாரம் என்ன தலைப்பு?” என்றார்.

“மறுபடியும் விருந்தோம்பல்தான். தம்பி ஒரு வாரம் தங்குறான்.”

“அரிசி வாங்கி வச்சாச்சு” என்றார் ரோஸி அக்கா.

எப்போது வாங்கினார் என்று பிறகு விசாரித்தேன். ‘வர்ற வெள்ளி மன்னிப்பு’ என்று வயர்மேன் சொன்னாரே, அன்றைக்கேதான்.